ஏழாம் அத்தியாயம்: தொகுப்பானுள் வழி காணல்

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இடிமழை இறங்குவதற்கு முன் வந்து சேர்ந்துவிட வேண்டுமென்று கண்டியிலிருந்து அம்பிட்டிய பஸ்ஸைப் பிடித்து வந்த பொறியியற்பீட மாணவர் ஒருவர், என் மேசைமீது மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர், “சேர், மூணு கிழமையா வாசிக்கிறேன். ஒரு பேரத் தேடினா நூத்துக்கணக்குல வரி வந்து விழுது. எதுல தொடங்கிறதுன்னே தெரியல” என்றார். அவர் வாசிக்க முயன்றது பலரினா என்னும் கணினிமொழியின் தொகுப்பான். “தம்பி, இத ஒருக்காவாவது பில்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். “இல்ல சேர், வாசிக்கத்தானே போறோம்னு விட்டுட்டேன்” என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் அவருடைய மூன்று கிழமைத் துன்பத்தின் காரணம் முழுவதும் அடங்கியிருந்தது. பெருங்குறிமுறையை வாசிக்கப் புகும் எவருக்கும் நேரக்கூடிய தவறு இது; எனினும் தொகுப்பானைப் பொறுத்தமட்டில் இதன் விளைவு விசேஷமாகக் கடுமையானது. காரணம் யாதெனின், தொகுப்பான் என்பது குறிமுறையை எழுதுகின்ற குறிமுறை. தன் அங்கங்களிற் சிலவற்றையே அது சுருக்க வடிவில் எழுதி வைத்து, பில்ட் நிகழும்போதே மெய்யான கோப்புகளாக விரித்துக்கொள்ளும். விரியாத நிலையில் அதைப் பார்க்கின்ற வழிகாட்டும் கருவிக்குப் பெயர்கள் தெரியும், பொருள் தெரியாது.

ஆகவே இவ்வத்தியாயத்தில் நாம் கைக்கொள்ளப்போகும் பிரமாணம் ஒன்றே. எந்தக் கருவியும் குறிமுறையை ஓர் எல்லைவரை அறியும், அவ்வெல்லையில் நின்றுவிடும். அது எங்கே நிற்கும் என்பதை முன்னரே தெரிந்து, அவ்விடத்தில் எந்த மறுகருவியை எடுப்பது என்று தீர்மானித்து வைத்திருப்பவரே கருவிகளைச் செவ்வனே அமைத்துக்கொண்டவர் ஆவார்.

1. இரண்டு உதாரணங்கள்

பலரினா நம் நாட்டிலே பிறந்த மொழி. 2005இல் தொடங்கப்பெற்ற டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில், சஞ்சீவ வீரவரண அவர்களின் முயற்சியால் உருவாகி, 2017இல் உலகுக்கு அறிமுகமாகி, 2019 செப்டெம்பரில் முதலாம் பதிப்பையும், 2022இல் ஸ்வான் லேக் எனும் பெரும் மறுவடிவையும் கண்டது. அதன் இலக்கண வரையறையில் ஜேம்ஸ் கிளார்க் முக்கிய பங்கு வகித்தார். தொகுப்பான் ஜாவாவில் எழுதப்பட்டது. மூலம் எவரும் எடுத்து வாசிக்கத்தக்கதாகத் திறந்து கிடக்கிறது. மற்றையது, 2000ஆம் ஆண்டில் இலினோய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் ஆத்வேயும் தொடங்கிய எல்எல்விஎம்மும், அதன் சி++ முகமான கிளாங்கும் ஆகும். ஒன்று ஜாவா, மற்றொன்று சி++. இவ்விரண்டிலும் பழகியவர் வேறெந்தத் தொகுப்பானுள்ளும் அச்சமின்றிப் புகலாம்.

2. பில்ட்டே முதற்படி

மூலத்தை இறக்கும்போதே டேட்டாச் செலவைக் கருதுக. கிட் கருவியில் பகுதி இறக்கம் என்றொரு முறை உண்டு. வரலாற்றின் எலும்புக்கூட்டை மாத்திரம் முதலில் எடுத்து, பழைய கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது வருவித்துக்கொள்வது அது. கைபேசி இணைப்பை நம்பி வாழும் மாணவருக்கு இது பெரும் உபகாரம்.

பலரினாவுக்குக் கிரேடில் என்பதே பில்ட் சாதனம். களஞ்சியத்தின் பில்ட் குறிப்பு எந்த ஜாவாப் பதிப்பைக் கேட்கிறதோ அதையே நிறுவி, சோதனைகளைத் தவிர்த்து ஒருமுறை முழுவதும் பில்ட் செய்க. எடிட்டருக்குள்ளும் அதே ஜாவாப் பதிப்பையே காட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டும் வேறுபடின், பிழையில்லாத வரிகள் சிவந்து தோன்றி வாசிப்போரை வீணே மயக்கும்.

எல்எல்விஎம்மில் இது இன்னும் இன்றியமையாதது. அங்கே கட்டளைக் கணங்கள், பிழைச்செய்திகள், தெரிவுகள் எனப் பலவும் டேபிள்ஜென் என்னும் தனிச் சிறுமொழியில் எழுதப்பட்டு, பில்ட்டின்போது ‘இன்க்’ என முடியும் கோப்புகளாகப் பிறக்கின்றன. அக்கோப்புகள் பிறவாதவரை கிளாங்கின் மூலத்தில் மொழியறிந்த எந்தக் கருவியும் இரண்டடி வைக்கமாட்டாது. அந்தப் பில்ட்டை அமைத்துக் கொடுக்கும் சிமேக் என்னும் கருவியிடம் மூன்று சிக்கனங்களைச் சொல்லி வைத்தால் சாதாரண மடிக்கணினியும் தாங்கும்: முதலாவது, ஒரே செயலி இலக்கை மாத்திரம் கேட்பது, இரண்டாவது, டீபக் தகவல் நிறைந்த வடிவை விடுத்து, ரிலீஸ் வடிவையும் உட்சோதனைகளையும் சேர்த்துக் கேட்பது, மூன்றாவது, ஒரே நேரத்தில் நிகழும் லிங்க் வேலைகளை ஒன்றாகக் குறைப்பது. நினைவகம் நிரம்பிக் கணினி உறைந்துபோவது பெரும்பாலும் இந்த லிங்க் கட்டத்திலேதான்.

மலைநாட்டில் இருப்போருக்கு இன்னொரு சங்கதியையும் சொல்லல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தையும், ஐப்பசி கார்த்திகைப் பிற்பகல்களில் இடிக்குப் பயந்து பிளக்கைக் கழற்றி வைக்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். நிஞ்சா என்னும் பில்ட் கருவி, முடிந்த கோப்புகளை மீண்டும் தொடாமல், விட்ட இடத்திலிருந்தே தொடரும் இயல்புடையது. ஆதலின் மின்சாரம் போவதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை.

3. எடிட்டரும் மொழிச்சேவையகமும்

அம்பிட்டியவில் 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் காலத்தில் தொடங்கப்பெற்ற குருமடத்துக்கு இந்தியாவின் பல பாகங்களிலிருந்து மாணவர் வந்து சேர்ந்தனர். பெல்ஜிய நாட்டு இயேசு சபையினர் கற்பித்தனர். மாணவரின் தாய்மொழி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆசிரியரை வைப்பதாயின் அக்கல்வி என்றும் நடந்திராது. அக்காலக் குருமடங்களின் பொதுமொழியான இலத்தீனே அதை நடத்தியது. 1955இல் அக்குருமடம் பூனாவுக்குப் பெயர்ந்தபின், அவ்விடம் இலங்கையின் தேசிய குருமடமாக இன்றும் விளங்குகிறது. நான் மாலை வேளைகளில் அதன் மதிலருகே நடந்து செல்லும்போது, எடிட்டர்களின் உலகிலும் இதே தேவைதான் இருந்தது என்று எண்ணுவதுண்டு.

பத்து எடிட்டர்களும் இருபது கணினிமொழிகளும் இருப்பின், ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியே வழிகாட்டும் கருவி எழுதுவதாயின் இருநூறு வேண்டும். 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பொது நெறியை அறிவித்தன. மொழியை அறிந்த சேவையகம் ஒருபுறம், எடிட்டர் மறுபுறம். ‘இப்பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது, யார் யார் அழைக்கிறார்கள்’ என்ற கேள்விகளை இரண்டும் ஒரே நெறியில் பேசிக்கொள்ளும். இருநூறு முப்பதாகச் சுருங்கியது. நீங்கள் எந்த எடிட்டரில் பழகியவராயினும் அதை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வது இக்காரணத்தாலே.

சி++ மொழிக்குரிய சேவையகம் கிளாங்டி. ஒவ்வொரு கோப்பும் எந்தெந்தத் தெரிவுகளோடு தொகுக்கப்படுகிறது என்பதை அதற்குச் சொல்ல ஒரு பட்டியற்கோப்பு வேண்டும். சிமேக்கில் ‘தொகுப்புக் கட்டளைகளை ஏற்றுமதி செய்க’ என்னும் தெரிவை இயக்கினால், பில்ட் கோப்புறையில் ‘கம்பைல் கமாண்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு ஜேசன் கோப்பாக அது பிறக்கும். அதை மூலக் கோப்புறையின் தலைவாயிலுக்கு இணைப்பாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஜிசிசி போன்று மேக் கொண்டு கட்டப்படும் தொகுப்பானாயின், பேர் என்னும் சிறு கருவி பில்ட்டைப் பக்கத்தில் நின்று கவனித்து அதே பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கும். ஜிசிசி தன்னைத்தானே மூன்று கட்டமாகத் தொகுத்துக்கொள்ளும் வழக்கமுடையதாதலின், அந்த மும்மடி வேலையை நிறுத்தும் தெரிவைக் கட்டமைப்பின்போதே கொடுத்துவிடுக.

பட்டியல் கிடைத்ததும் கிளாங்டி பின்னணியிலே, பெயர்களின் இடங்களைக் காட்டும் சுட்டியை அமைக்கத் தொடங்கும். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியாயின், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளுக்கு மேல் எடுக்க வேண்டாமென்று அதற்குக் கட்டளையிடுக. சுட்டி கோப்புக் கோப்பாக வட்டில் எழுதப்படுவதால், நிஞ்சாவைப் போலவே இதுவும் இடையில் அறுபட்டால் தொடர்ந்துகொள்ளும். பெரிய மூலம் முழுவதும் சுட்டியாக நெடுநேரம் பிடிக்கும். இரவில் விட்டுவிட்டு உறங்கச் செல்வதே உசிதம்.

பலரினாவுக்கு மாத்திரம், விதிவிலக்காக, நான் சிபாரிசு செய்வது இன்டெலிஜே என்னும் எடிட்டர். உட்கோப்புறை ஒன்றைத் திறக்காமல், தலைவாயிலிலிருந்து கிரேடில் திட்டமாகவே திறக்க வேண்டும். அதன்பின் செய்யவேண்டியதும், பெரும்பாலோர் செய்யாமல் விடுவதுமான காரியம், தேடற்பரப்பை வரையறுப்பது. தொகுப்பான், பகுப்பி, இயக்கநேர நூலகம் ஆகிய மூன்றையும் உள்ளடக்கி, சோதனைக் கோப்புறைகளை வெளியே நிறுத்தி, ஒரு பரப்புக்குப் பெயரிட்டுச் சேமித்துக்கொள்க. என் மாணவரின் திரையில் விழுந்த நூற்றுக்கணக்கான வரிகளிற் பெரும்பகுதி சோதனைக் கோப்புகளிலிருந்து வந்தவையே. பரப்பை வரையறுத்த மறுகணமே அவை மறைந்துபோயின.

4. கருவிகள் நின்றுவிடும் இடங்கள்

இவ்வளவும் அமைத்த பின்னரும் நான்கு இடங்களிற் கருவி நின்றுவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது இடம், விசிட்டர் அமைப்பு. தொகுப்பானின் ஒவ்வொரு கட்டமும் செய்நிரலின் மரவடிவைக் கணுக் கணுவாகச் சந்தித்துச் செல்லும். பலரினாவில் குறியீடுகளைப் பதிவுசெய்யும் சிம்பல்என்டர், பொருள் ஆராயும் செமான்டிக்அனலைசர், வகை பார்க்கும் டைப்செக்கர், ஓட்டம் பார்க்கும் டேட்டாஃப்ளோஅனலைசர், சர்க்கரை நீக்கும் டீஷுகர், இடைநிலை வடிவை எழுதும் பிஐஆர்ஜென் என இக்கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. கணுவின் ‘அக்செப்ட்’ மெதடினுள் அழைக்கப்படும் ‘விசிட்’ மெதடைத் தொட்டு வரையறைக்குப் போனால், கருவி பொதுவான வெற்று அறிவிப்பிலே கொண்டுபோய் நிறுத்தும். ஏனெனில் எந்த விசிட்டர் வந்து நிற்பார் என்பது ஓடும்போதுதான் தெரியும். இங்கே ‘வரையறைக்குச் செல்’ என்பதைக் கைவிட்டு, ‘செயலாக்கங்களைக் காட்டு’ என்று கேட்டு, வரும் பட்டியலில் நாம் ஆராயும் கட்டத்தின் பெயருடையதைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஆகவே கட்டங்களின் வரிசையை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்வது வாசிப்பின் ஓர் அங்கமே.

இரண்டாவது இடம், எழுத்துச்சரமாக ஒளிந்திருக்கும் பெயர். தொகுப்பான் இறுதியில் ஜாவா பைட்குறிமுறையை எழுதும்போது, இயக்கநேர நூலகத்தின் கிளாஸ் பெயர்களையும் மெதட் பெயர்களையும் வெறும் எழுத்துக்களாகவே பதிக்கிறது. அப்பெயர்களிற் பல ஜேவிஎம்கான்ஸ்டன்ட்ஸ் என்னும் கோப்பிலே திரட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வாறே, பலரினாவின் உள்ளார்ந்த நூலகம் பலரினாவிலேயே எழுதப்பட்டு, வரிசைக்கு ஓர் உறுப்பைச் சேர்க்கும் ‘புஷ்’ போன்ற வேலைகளை, ஜாவா கிளாஸின் பெயரை மேற்கோளுக்குள் எழுதிச் சுட்டுகிறது. ஜாவா மாத்திரம் அறிந்த கருவியிடம் ‘இந்த மெதடை யார் அழைக்கிறார்’ என்று கேட்டால், ‘ஒருவருமில்லை’ என்று சொல்லும். அதை நம்பி மெதடை நீக்கினாலோ பெயரை மாற்றினாலோ, தொகுப்பு யாதொரு முறைப்பாடுமின்றி நடந்துவிடும். பயனாளரின் செய்நிரல் ஓடும்போதுதான் உடையும். ‘அழைப்பவர் இல்லை’ என்ற விடையைத் தொகுப்பான் ஒன்றினுள்ளே ஒருபோதும் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். உடனே அப்பெயரை வெற்றெழுத்தாக முழுக் களஞ்சியத்திலும் தேடுங்கள்.

மூன்றாவது இடம், பிறப்பிக்கப்பட்ட கோப்பு. கிளாங்கில் ஒரு பெயரைப் பின்தொடர்ந்து ‘இன்க்’ கோப்பினுள் விழுவீர்கள். அங்கே நின்றுவிடாமல், அதைப் பிறப்பித்த டேபிள்ஜென் கோப்பைத் தேடிப் போக வேண்டும். பலரினாவில் பகுப்பு மரத்தின் கணுக் கிளாஸ்கள் ட்ரீஜென் என்னும் கருவி எழுதியவை. ஆனால் அவை களஞ்சியத்திலேயே சேர்த்து வைக்கப்பட்டிருப்பதால் கையால் எழுதியவை போலவே தோற்றும். மேலேயுள்ள விளக்கக் குறிப்பில் ‘இது பிறப்பிக்கப்பட்டது’ என்று எழுதியிருப்பதைக் கவனியாமல் அதிலே திருத்தம் செய்வோர், அடுத்த பிறப்பித்தலில் தம் உழைப்பு அழிந்துபோவதைக் காண்பர்.

நான்காவது இடம், காலம். ஒரு வரி ஏன் வந்தது என்பதை எந்தச் சுட்டியும் சொல்லாது. அதற்குக் கிட் கருவியின் வரலாறே கதி. ஒரு சொற்றொடர் எந்தத் திருத்தத்தில் முதன்முதல் நுழைந்தது என்று தேடும் தெரிவும், குறித்த சில வரிகள் மாத்திரம் காலந்தோறும் எவ்வாறு மாறின என்று காட்டும் தெரிவும் அதிலே உண்டு. வெள்ளை இடைவெளி மாற்றங்களைப் புறக்கணிக்கச் சொல்லிப் ‘பிளேம்’ பார்த்தால், வரியின் மெய்யான ஆசிரியரும் அவர் கூறிய காரணமும் கிடைக்கும்.

5. பழைய கருவிகளின் பிரயோஜனம்

கணினி மிகச் சிறியதாயின், மொழிச்சேவையகம் தாங்காதாயின், கவலை வேண்டாம். கென் ஆர்னால்ட் பிஎஸ்டி யுனிக்ஸுக்காக எழுதிய சிடேக்ஸ், இன்று யுனிவர்சல் சிடேக்ஸாக வளர்ந்து நிற்கிறது. பில்ட் செய்யாமலே வரையறைகளின் அகராதியை விரைவில் தரும். பெல் ஆய்வுகூடத்தில் ஜோ ஸ்டெஃபன் எழுதி, 2000இல் பொதுவில் விடப்பட்ட சிஸ்கோப், சி மொழியில் அழைப்போரையும் அழைக்கப்படுவோரையும் காட்டும். ஒரே பெயருள்ள இரண்டு மெதட்களை வேறுபிரித்தறியும் ஞானம் இவற்றுக்குக் குறைவு. எனினும் விரைவாகத் தேடும் ரிப்கிரெப்புடன் இவற்றையும் வைத்துக்கொண்டால் முதல் மாத வாசிப்பு நன்றாகவே நடக்கும்.

6. ஒரு பிழைச்செய்தியின் பின்னே

அமைத்தவை யாவும் சரியா என்று அறிய ஒரே பரீட்சை, ஒரு பிழைச்செய்தியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதுதான். அன்று நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

பில்ட் முடியும்வரை காத்திருந்து, அறிவிக்காத ஒரு பெயரைப் பயன்படுத்தும் மூன்று வரிச் செய்நிரலை எழுதித் தொகுப்பானிடம் கொடுத்தோம். அப்பெயர் வரையறுக்கப்படாத குறியீடு என்று அது பிழை காட்டியது. அச்செய்தியின் சொற்களை வெற்றெழுத்தாகத் தேடியபோது ஜாவாவில் அகப்படவில்லை. செய்திகளைத் திரட்டி வைத்திருக்கும் பண்புக் கோப்பில் அகப்பட்டது. அங்கே செய்திக்கு இடப்புறம் புள்ளியிட்டு எழுதிய ஒரு திறவுச்சொல் இருந்தது. அத்திறவுச்சொல்லைத் தேடினோம், டயக்னாஸ்டிக்எரர்கோட் என்னும் பட்டியலில் ஒரு மாறிலியாக நின்றது. அதுவரை வெற்றுத் தேடலின் வேலை. அம்மாறிலியிலிருந்து மொழியறிந்த கருவியின் வேலை. ‘பயன்பாடுகளைக் காட்டு’ என்றதும் பல இடங்கள் வந்தன.

“இதுல எது சேர் நம்மட?” என்று கேட்டார் மாணவர்.

“நீங்களே கண்டுபிடிங்க தம்பி. எல்லாத்துலயும் ஒரு பிரேக்பாயின்ட் வைங்க” என்றேன்.

வைத்தார். டீபகரோடு தொகுப்பானை ஓட்டினோம். ஓரிடத்தில் அது நின்றது. நின்ற கணத்தில் பக்கத்துச் சாளரத்தில் அழைப்படுக்கு விரிந்தது: மேலே பிழையை எழுதும் வரி, அதன்கீழ் டைப்செக்கர், அதன்கீழ் கணுக்களின் ‘அக்செப்ட்’கள், அதற்கும் கீழே கட்டங்களை ஓட்டும் இடம். விசிட்டர் அமைப்பு மறைத்து வைத்திருந்த பாதை முழுவதும் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. கருவிகள் பெயரை வைத்து ஊகிக்கும் பாதைகள் பல. டீபகர் காட்டியது உண்மையாக நடந்த ஒரே பாதை. மாணவர் கொப்பியைத் திறந்து அவ்வடுக்கிலிருந்த பெயர்களைக் கீழிருந்து மேலாக எழுதிக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டதால், கடைசி வரியை எழுதிய பின்னரும் அவர் எழுந்து போக முடியவில்லை. மழை விடும்வரையான ஒரு மணித்தியாலத்தில், ஏவாமலே, வேறொரு பிழைச்செய்தியைப் பிடித்து மறுபடி தொடங்கியிருந்தார்.

வாசகரும் இதையே செய்க. பலரினாவில் முடித்தபின் கிளாங்குக்கு வருக. அறிவிக்காத பெயருக்கு அது தரும் பிழையைப் பற்றிக்கொண்டு, டேபிள்ஜென் கோப்பிலுள்ள செய்தியிலிருந்து, ‘எர்’ எனத் தொடங்கும் அதன் பெயருக்கும், அப்பெயரிலிருந்து செமா பகுதியிலே அது எழுப்பப்படும் வரிக்கும் நடந்து பாருங்கள். வழியில் எந்த அடியில் எந்தக் கருவி நின்றது, அடுத்து எதைக் கையிலெடுத்தீர்கள் என்பதை ஒவ்வொன்றாகக் குறித்து வையுங்கள். அக்குறிப்பு ஒரு பக்கத்தை நிரப்புமாயின் உங்கள் கருவிகள் செவ்வனே அமைந்துள்ளன. அடுத்த அத்தியாயத்தில், அப்பாதையிலே ஒரு சிறு திருத்தம் செய்யப் புகுவோம்.